பின்பாதியில் யாரும் இல்லை

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் பெரியவளின் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், ஏழு நாளாக அதைப் பிடித்துக்கொண்டே நிற்கிறாள். முதலிலிருந்து படித்துவருகிறவர்கள் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

ஒரு வீடு, நடுவில் ஒரு சுவர். முன்பாதியில் பள்ளி வேன் ஓட்டும் பெரியவளும் அவளுடைய ஒன்பது வயது மகளும். கணவன் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. பின்பாதியில் அவளுடைய தம்பி ஒயர்மேனும், அவன் மனைவி தையல்காரியும். அம்மா இறந்த மறு மாதம் எழும்பிய சுவர் அது. மூன்று வருடமாக இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் பேச்சு கிடையாது. கூடத்தில் இருப்பது ஒரே ஜன்னல் என்பதால் சுவர் அதையும் விட்டுவைக்கவில்லை. இடது கதவு இவளுக்கு, வலது கதவு அவர்களுக்கு.

மேலே நாற்பது வருடத்து ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மழை வெளியே பெய்தால் வீட்டுக்குள்ளும் பெய்யும். சுவரெல்லாம் பூஞ்சை. மகளுக்கு ராத்திரியானால் மூச்சு இழுக்கிறது. கூரை மாறாமல் மூச்சு சரியாகாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அதனால்தான் பெரியவள் அரசாங்கத்தின் நல்ல கூரைத் திட்டத்துக்கு மனுப் போட்டாள். பழைய ஷீட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டு, வெயில் இறங்காத புதுக் கூரை போட்டு, மேலே சோலார் தகடு வைத்து, பக்கத்தில் மழைநீர்த் தொட்டியும் கட்டித் தருகிறார்கள். அந்தத் தெருவில் பதினொரு வீடுகளுக்கு வந்தாயிற்று. பதினொரு வீட்டுக்காரர்களும் ஏணி வைத்து ஏறிப் போய்த் தகட்டைத் துடைத்துவிட்டு வருவதைத் தினமும் பார்த்துப் பார்த்து இவளுக்கு வயிறு எரிந்தது.

வந்த கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: ஒரே வீட்டு எண்ணுக்கு இரண்டு மனுக்கள் வந்துள்ளன. நேரில் ஆய்வு நடக்கும். மனுக்கள் ஏற்கப்படும் கடைசி நாள் அன்றே, மாலை ஐந்து மணி வரை.

அந்த நாள்தான் இன்று.

•

பதினாறு பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பெரியவள் வேனை வாசலில் நிறுத்தும்போது மணி பத்தே கால். பின்சீட்டில் மகள் மறந்துவிட்டுப் போன ஸ்வெட்டர் கிடந்தது. எடுத்து உதறினாள். பிரிந்து தொங்கிக்கொண்டிருந்த கை ஓரம் நீல நூலால் அழகாகத் தைக்கப்பட்டிருந்தது. பள்ளி ஆயா தைத்துக் கொடுத்திருப்பாள் என்று நினைத்தாள். பெற்றவளுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட நேரமில்லை என்று அந்த ஆயா நாலு பேரிடம் சொல்லியிருப்பாளே என்று எரிச்சலும் வந்தது.

வாசலில் ஆய்வாளர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். தோளில் பை, கையில் மனுக்களைப் பார்க்கிற டேப் கணினி, செருப்பு முழுக்கச் சேறு. அவளுக்கு அந்தப் பக்கம் ஒயர்மேன். சட்டைப் பையில் டெஸ்டர் குத்தியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் மின்கம்பத்தைப் பார்ப்பதுபோல மேலே பார்த்தான்.

"ரெண்டு பேரும் இந்த வீட்டுக்குத்தான் மனுப் போட்டிருக்கீங்க" என்றாள் ஆய்வாளர்.

"நான்தான் மேடம் முதல்ல போட்டேன்" என்றான் ஒயர்மேன்.

"கேட்டாங்களா உன்னை?" என்றாள் பெரியவள். மூன்று வருடத்துக்குப் பிறகு தம்பியிடம் அவள் பேசிய முதல் வார்த்தை இது.

"ஒரே நாள்தான் போட்டிருக்கீங்க. இருபது நிமிஷம் முன்னே பின்னே" என்று ஆய்வாளர் டேப்பைத் தடவினாள். "அதை விடுங்க. பன்னிரண்டாவது கேள்வி. இதே கூரையின் கீழ் வேறு யாராவது வசிக்கிறார்களா? நீங்க எழுதினதைப் படிக்கவா?"

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை.

"தம்பி எழுதியிருக்கார், 'முன்பாதி பூட்டிக் கிடக்கிறது. யாரும் இல்லை.' அக்கா எழுதியிருக்காங்க, 'பின்பாதியில் யாரும் இல்லை.'"

தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. அது தெருமுனையில் திரும்பும் வரைக்கும் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் இந்த வேலைக்கு வந்து ஒன்பது வருஷமாச்சு. இல்லாத ஆளை இருக்கிறதா எழுதிக் குடுத்தவங்களை நிறையப் பார்த்திருக்கேன். இருக்கிற ஆளை இல்லேன்னு, அதுவும் ரெண்டு பக்கத்துலேருந்தும் எழுதினவங்களை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

பெரியவள் ஏன் அப்படி எழுதினாள் என்று கேட்கிறீர்களா? வேறு யாராவது வசித்தால் அவர்களுடைய கையெழுத்தும் வேண்டும் என்று அதே கேள்விக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. தம்பியிடம் போய்க் கையெழுத்துக்கு நிற்பதா? அதைவிடக் கூரை ஒழுகட்டும் என்று ஒரு நாள் யோசித்தாள். மறுநாள் மகளுக்கு இழுத்தது. அப்போதுதான் உட்கார்ந்து அந்த வரியை எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"பாத்தீங்களா மேடம், கூடப் பிறந்தவனையே இல்லேன்னு எழுதியிருக்கா" என்றான் ஒயர்மேன்.

"நீ மட்டும் என்ன எழுதின? எனக்கு மாலை போட்டா எழுதியிருக்க?"

"உன்கிட்ட கத்துக்கிட்டதுதான்."

"வாயை மூடுறா."

"நீ மூடு முதல்ல."

ஆய்வாளர் இருவருக்கும் நடுவில் புகுந்து உள்ளே போனாள். அரசாங்கத்து ஆட்களுக்குச் சண்டைக்கு நடுவில் வழி கண்டுபிடிப்பது கைவந்த கலை.

•

பையிலிருந்து சின்னக் கருவி ஒன்றை எடுத்து நடுச்சுவரில் வைத்து அழுத்தினாள். ஈரத்தை அளக்கிற கருவி. பச்சையில் நிற்க வேண்டிய முள் நேராகச் சிவப்புக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. பின்பாதிக்குப் போய் அந்தப் பக்கத்தில் வைத்தாள். அங்கேயும் அதே கதை.

"ஏணி இருக்கா?"

ஏணி ஒயர்மேனுடையது. ஆய்வாளர் கிடுகிடுவென்று மேலே ஏறிச் சுவருக்கு நேர் மேலே ஷீட்டை எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். போட்டோ எடுத்தாள். அங்கே என்ன இருக்கிறது என்று பெரியவளுக்குத் தெரியும்.

"இந்தப் பக்கம் தார் பூசி ஒரு வரப்பு இருக்கு. யார் வேலை?"

பெரியவள் வாசலில் நின்ற வேனைப் பார்த்தாள். இரண்டு வருடம் முன்னால் ஒரு மழைக்கு மறுநாள், வேனை ஒட்டி நிறுத்தி அதன் கூரை மேல் ஏறி அவளே பூசியது. தண்ணீர் தம்பி பக்கம் போகட்டும் என்றுதான் பூசினாள்.

"அந்தப் பக்கம் சிமென்ட் வரப்பு?"

ஒயர்மேன் டெஸ்டரை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் வைத்தான்.

ஆய்வாளர் இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டாள். "நீங்க தண்ணியை அந்தப் பக்கம் தள்ளியிருக்கீங்க. அவர் இந்தப் பக்கம் தள்ளியிருக்கார். தண்ணி ரெண்டு பேர் பேச்சையும் கேட்கலை. ரெண்டு வரப்புக்கும் நடுவுல தேங்கி, நேரா சுவருக்குள்ள இறங்கியிருக்கு. ரெண்டு வருஷமா இந்தச் சுவர் தண்ணி குடிச்சுக்கிட்டு நிக்குது. பூஞ்சை எங்கேருந்து வருதுன்னு இப்பப் புரியுதா?"

பெரியவளுக்குப் புரிந்தது. மகள் ராத்திரி எழுந்து உட்கார்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கும்போது, முதுகைத் தடவிக்கொண்டே தம்பியைத்தான் இத்தனை நாள் சபித்துக்கொண்டிருந்தாள். அதில் பாதிச் சாபம் தனக்கும் சேர வேண்டியது என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. இப்போது சொன்னவள் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"சரி, இப்ப என்ன செய்யணும்? கூரை உண்டா இல்லையா?"

"அலுவலக வரைபடத்துல இந்தச் சுவரே கிடையாது. இது ஒரு வீடு. ஒரு வீட்டுக்கு ஒரு கூரை, ஒரு மனு. சுவரை எடுத்துடணும். ரெண்டு மனுவையும் சேர்த்து ஒரே மனுவா நான் போடறேன். வீட்ல இருக்கிற பெரியவங்க மூணு பேரும் கையெழுத்துப் போடணும். பத்து வருஷம் இங்கேயே குடியிருப்போம்னு உறுதிமொழியும் தரணும். கூரையை வாங்கிட்டு வீட்டை வித்துட்டுப் போறவங்களால வந்த விதி அது."

"சுவரை எடுக்கலேன்னா?" என்றான் ஒயர்மேன்.

"ரெண்டு மனுவும் தள்ளுபடி. அதோட போகாது. இவ்வளவு ஈரம்னு அளந்துட்டேன், இனி மறைக்க முடியாது. குடியிருக்கத் தகுதி இல்லைன்னு எழுதியாகணும். முப்பது நாள்ல காலி பண்ணச் சொல்லுவாங்க."

"மேடம், இது அநியாயம்."

"கூரை போட அரசாங்கம் ஆள் அனுப்பியிருக்கு. சமாதானம் பேச அனுப்பலை. அதை நீங்களே பேசிக்குங்க. தெருவுல எனக்கு இன்னும் மூணு வீடு இருக்கு. நாலரைக்குத் திரும்ப வரேன்."

போகிற போக்கில் அவள் கதவு நிலையைக் கையால் தட்டிப் பார்த்தாள். அது உளுத்துப்போயிருந்தது. அதையும் எழுதிக்கொண்டு போனாள்.

•

"நான் கட்டின சுவர். என் கையால இடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஒயர்மேன் பின்பாதிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பெரியவள் வேனிலிருந்து ஜாக்கிக் கம்பியையும் சுத்தியலையும் எடுத்து வந்தாள். சுவரோரமாகப் பிளாஸ்டிக் தாள் போர்த்திக் கிடந்த அம்மாவின் தையல் மெஷினை மூலைக்கு இழுத்தாள். சக்கரம் துருவேறி, நகர்த்தும்போது கிறீச்சென்றது. புடவைத் தலைப்பை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நாலாவது வரிசைச் செங்கல்லில் முதல் அடி போட்டாள்.

ஈரச் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. தம்பி கலவையில் சிமென்ட்டைக் குறைத்திருக்கிறான் என்று அந்த நேரத்திலும் ஒரு குறை கண்டுபிடித்தாள்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். அந்தப் பக்கத்திலிருந்தும் ஓர் அடி விழுந்தது, பிறகு இன்னொன்று. இரண்டு சுத்தியலும் ஏட்டிக்குப் போட்டியாக ஓசையிட்டன. தெருவே வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, ரத்தம் எதுவும் வராததால் ஏமாந்து கலைந்தது.

ஒரு செங்கல் அந்தப் பக்கம் விழுந்தது. ஓட்டை வழியாகத் தம்பியின் முகம் தெரிந்தது. காதோரம் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று அவளுக்குத் தெரியாது.

"உன் பொண்டாட்டி எங்கே? இடிக்க வரமாட்டாளா? கட்டச் சொல்லும்போது மட்டும் முன்னால நின்னாளே."

"அவ கட்டச் சொல்லலை."

"ஆமா, சுவர் தானா முளைச்சுது."

"நான்தான் கட்டினேன். அவ வேண்டாம் வேண்டாம்னு அழுதா. ரெண்டு நாள் சாப்பிடலை. உனக்கு என்ன தெரியும்?"

"அப்ப எதுக்குடா கட்டின?"

ஒயர்மேன் சுத்தியலைக் கீழே வைத்தான். "அம்மா காரியத்தன்னிக்கு அத்தனை பேர் முன்னால அவளைப் பார்த்து நீ என்ன சொன்ன? ஞாபகம் இருக்கா?"

இருந்தது. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரி மெதுவாக வந்து, அத்தையின் மெஷினைத் தானே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். எட்டு வருடம் அதில் தைத்தவள் அவள். பெரியவளுக்கு அம்மா போன துக்கம், யாரையாவது கடித்துக் குதற வேண்டும்போல இருந்தது. 'இந்த வீட்ல அதைக் கேட்க நீ யாரு?' என்று சொல்லிவிட்டாள்.

"துக்கத்துல சொன்னது" என்றாள் பெரியவள்.

"மறுநாள் சொல்லியிருக்கலாமே, துக்கத்துல சொல்லிட்டேன்னு. மறு வாரம் சொல்லியிருக்கலாம். மெஷினைத் தூக்கி உன் பக்கம் வெச்சுக்கிட்ட. உனக்குத் தைக்கத் தெரியுமா? ஒரு பொத்தான் தைக்கத் தெரியுமா? அவளுக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதானே?"

"என் அம்மாவோட மெஷின்."

"துருப்பிடிச்சுப் போச்சு பார், உன் அம்மாவோட மெஷின்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டான். அந்த ஆத்திரத்தில் பெரியவள் இரண்டு செங்கல்லுக்குப் பதில் நாலு செங்கல்லைப் பெயர்த்தாள்.

•

மணி இரண்டே முக்கால். பள்ளி விடுகிற நேரத்துக்கு வேன் போயாக வேண்டும். பாதிச் சுவரை விட்டுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

பிள்ளைகளை ஒவ்வொரு வீடாக இறக்கிவிட்டு, கடைசியில் மகள் மட்டும் பக்கத்து சீட்டில். காலையில் நடந்ததைச் சொன்னாள். சுவர் போகப்போகிறது என்று கேட்டதும் மகளுக்கு ஒரே குஷி.

"அப்ப இனிமே ஜன்னல் வழியா தர வேண்டாம்ல?"

"எதை?"

"ஸ்வெட்டரை. அத்தை இனிமே நேராவே வாங்கித் தைப்பாங்கல்ல?"

பெரியவள் பிரேக்கை அழுத்தினாள். பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரனிலேயே திட்டினான்.

"எத்தனை நாளாடி இது நடக்குது?"

"எப்பவும்தான். ஜிப்பு போனப்ப, பாவாடை நீளம் பத்தாம போனப்ப... நீ வேன் கழுவப் போவேல்ல, அப்ப குடுப்பேன். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு அத்தை சொன்னாங்க. சொன்னா நீ பிரிச்சுப் போட்டுடுவியாம்."

பெரியவளுக்கு இதைக் கேட்டுக் கண் கலங்கியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அவளுக்குக் கோபம்தான் வந்தது. தன் மகளைத் தனக்குத் தெரியாமல் இன்னொருத்தி கவனித்துக்கொண்டாள் என்ற கோபம். பிரித்துப் போட்டிருப்போம் என்பது உண்மைதான் என்று அடுத்த நிமிடமே தெரிந்தபோது, அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

வீட்டு வாசலில் வேனை நிறுத்தினாள். "தூசி அடங்குற வரைக்கும் இறங்கக் கூடாது. கண்ணாடியை ஏத்திக்க. மூச்சு பம்பு பையில இருக்கு" என்று மகளிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சுவர் இல்லை. கணுக்கால் உயரத்துக்கு ஒரு வரிசைக் கல் மட்டும் மிச்சம். ஜன்னலின் இரண்டு கதவும் திறந்து, கூடம் முழுக்க வெளிச்சம் விழுந்திருந்தது. இவ்வளவு பெரிய கூடமா என்று ஒரு கணம் நின்றுவிட்டாள். அந்தப் பக்கம் ஒரு பழைய மெஷின், அதன் மேல் நீல நூல் கண்டு, சுவரோரமாக வெள்ளைப் போர்வை போர்த்திய ஏதோ ஒரு குவியல். மெஷினுக்கு முன்னால் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க" என்றும் சொல்லவில்லை. சொல்ல இது யார் வீடு என்று அவளுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

ஆய்வாளர் சொன்னபடி நாலரைக்கு வந்தாள். கூடத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை அது. டேப்பில் இரண்டு மனுவையும் சேர்த்தாள். உறுதிமொழியை அச்சடித்தே கொண்டுவந்திருந்தாள். பெரியவள் உடனே கையெழுத்துப் போட்டாள். ஒயர்மேன் படித்துப் பார்த்துவிட்டுப் போட்டான்.

"பத்து வருஷம்" என்றாள் பெரியவள் அவனைப் பார்த்து. "நடுவுல ஓடிடலாம்னு நினைக்காதே. என் கண்ணு முன்னாலயே கிட."

"நீயும்தான் கிடக்கப் போற."

"தரை முழுக்கத் தெரியறமாதிரி ஒரு போட்டோ வேணும்" என்றாள் ஆய்வாளர். "அந்தப் போர்வையைக் கொஞ்சம் எடுங்க."

"அது கஸ்டமர் துணி மேடம், தூசி படும்" என்று சொல்லிக்கொண்டே ஒயர்மேன் போர்வையை இழுத்தான்.

கீழே இருந்தது கஸ்டமர் துணி இல்லை. ஆறு பெட்டிகள். ஒவ்வொன்றும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. ஒவ்வொன்றின் மேலும் சாக்குக்கட்டியால் ஒரே விலாசம் எழுதியிருந்தது. ஏதோ ஓர் ஊர், ஏதோ ஒரு தையல் ஆலை, பெண்கள் விடுதி.

யார் வீட்டுச் சுவருக்குள் எந்த ஒயர் எப்படிப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற ஒயர்மேன், தன் வீட்டுக் கூடத்தில் கிடந்த ஆறு பெட்டிகளைப் பார்த்து வாயைத் திறந்தபடி நின்றான்.

"என்னது இது?"

தையல்காரி எழுந்தாள். "நாளைக்கு மறுநாள் வேலைக்குச் சேரணும். சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க எப்பப் பார்த்தாலும் அந்தச் சுவரையே பார்த்துக்கிட்டு இருப்பீங்க. சொல்ல நேரம் வரலை."

"என்னை விட்டுட்டா?"

அவள் குனிந்து ஒரு பெட்டியின் கயிற்றை இறுக்கினாள். பெரியவள் அவளையும் பெட்டிகளையும் பார்த்தாள். இந்த வீட்டைப் பாழாக்க வந்தவள் என்று மூன்று வருடமாக யாரைச் சொல்லிக்கொண்டிருந்தாளோ, அவள் கயிறு கட்டி முடித்துக் கிளம்பத் தயாராக நிற்கிறாள். பெரியவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் பெட்டிகளைத்தான் மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆய்வாளர் மணியைப் பார்த்தாள். "இது உங்க சொந்த விஷயம். ஆனா இன்னிக்குத் தேதியில இவங்க இந்த வீட்லதான் இருக்காங்க. மூணாவது கையெழுத்து இல்லாம மனு ஏறாது. அஞ்சுக்கு எட்டு நிமிஷம் இருக்கு."

தாளையும் பேனாவையும் நீட்டினாள். தையல்காரி வாங்கிக்கொண்டாள். ஆனால் பேனாவின் மூடியைத் திறக்கவில்லை.

வெளியே வேனுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. ஒன்று, இரண்டு, பிறகு அந்த இழுப்பு. கண்ணாடியை ஏற்றியும் தூசி புகுந்திருக்கிறது. வீட்டார் மூன்று பேரும் திரும்பினார்கள். முதலில் திரும்பியது தையல்காரி. அதைப் பெரியவள் பார்த்தாள்.

"இந்தாம்மா" என்றாள் பெரியவள். குரல் கெஞ்சலாக வர மறுத்து, அதட்டலாகவே வந்தது. "கையெழுத்துப் போடு. குழந்தைக்காகப் போடு. என் மேல இருக்கிற கோபத்தை அப்புறம் காட்டு, நான் எங்கேயும் போயிடலை."

தையல்காரி அவளைப் பார்க்கவில்லை. ஆய்வாளரைப் பார்த்தாள். "மேடம், காலையில வாசல்ல படிச்சீங்களே, நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். பின்பாதியைப் பத்தி ஒரு வரி. அதைக் கொஞ்சம் காட்டுங்க."

ஆய்வாளர் டேப்பைத் திருப்பிக் காட்டினாள். மனுவின் படம். பன்னிரண்டாவது கேள்விக்கு எதிரே பேனாவால் அழுத்தி எழுதிய வரி.

"இது யாரு எழுத்து அண்ணி?"

பெரியவள் மூலையில் கிடந்த மெஷினைப் பார்த்தாள். பிளாஸ்டிக் தாள் மேல் செங்கல் தூசி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது.

"என் எழுத்துதான்."

"நீங்க என்ன எழுதினாலும் தப்பில்லாம எழுதுவீங்கன்னு அத்தை சொல்லுவாங்க." தையல்காரி தாளை மடிக்காமல் மெஷின் மேல் வைத்தாள். அதன் மேல் பேனாவை வைத்தாள். பேனா உருண்டு போய் நீல நூல் கண்டின் மேல் முட்டி நின்றது. "அன்னிக்கு நீ யாருன்னு கேட்டீங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. அதுக்கப்புறம் நீங்களே பதிலையும் எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பிட்டீங்க."

வெளியே மறுபடியும் இருமல். ஆய்வாளர் மணியைப் பார்த்தாள். ஒயர்மேன் ஒரு பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"பின்பாதியில யாரும் இல்லையே அண்ணி" என்றாள் தையல்காரி. "இல்லாதவ எப்படிக் கையெழுத்துப் போடுவா?"